சிறப்பு விருந்தினர் மத்தாப்பு ஏற்றுவார்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளை படித்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு வருகிற முதல் தொல்லை அந்தப் பிள்ளைதான். கரண்டு பில்லை வாசித்துச் சொல்லும், மாத்திரை அட்டையை வாசித்துச் சொல்லும், அதுவரைக்கும் நல்லது. பிறகு யாரும் கேட்காததையெல்லாம் விளக்க ஆரம்பிக்கும். மழை எப்படிப் பெய்கிறது, டி.வி. சீரியல் ஏன் மோசம், சோற்றுக் கஞ்சியை ஏன் கொட்டக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பண்டல்களை லோடு ஏற்றுகிறவர். அம்மா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறவர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்ததே என்னைக் கொண்டுபோய் விட்ட அன்றைக்குத்தான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது நான். (இதை இங்கே சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கேயாவது சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.)

மதுரையில் எம்.ஏ. படித்தபோது கல்லூரித் திரைப்பட மன்றத்தில் சேர்ந்தேன். மொத்தம் ஒரு நாற்பது வெளிநாட்டுப் படங்கள் பார்த்திருப்பேன். ஊருக்குத் திரும்பியபோது அந்த நாற்பதையும் நானே எடுத்தவள்போலத் திரும்பினேன். அப்பா ராத்திரிச் சாப்பாட்டோடு பார்க்கும் சீரியலைக் காட்டி, "இதுல காட்சிமொழியே இல்லப்பா" என்பேன். அவர் ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, "நமக்கு எதுக்கும்மா அது, அந்த மாமியா பேசுறது வெளங்குதுல்ல" என்பார்.

எனக்கு ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. அதன் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்கு வரும் சாலையில் அவருடைய அப்பா காலத்துத் தியேட்டர் ஒன்று சும்மா கிடந்தது. (பெயரைச் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி வருத்தப்படுவார்.) புதுப்படங்களெல்லாம் ஏ.சி. அரங்குகளுக்குப் போய்விட்டதால் இருக்கைகளைக் கழற்றி விற்றுவிட்டு, சீசன் நேரத்தில் ஓரத்தில் காலண்டர் பண்டல் அடுக்கிக்கொண்டிருந்தார். திரை மட்டும் அப்படியே இருந்தது. அந்தத் திரையைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

ஒரு மாதம் அண்ணாச்சி பின்னாலேயே நடந்தேன். நல்ல படங்கள், வாரா வாரம், படம் முடிந்ததும் பேச்சு, டீ, பிள்ளைகளுக்குத் தனிக் காட்சி, பெண்களுக்குத் தனிக் காட்சி. கடைசியில் ஒருநாள் அவர் காதில் வைத்திருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அது அவர் முடிவு சொல்லப்போகிறார் என்பதற்கு அடையாளம்.

"ஒரு ஞாயித்துக்கிளமை தாரேன் தாயி. படம் முடியிற வரைக்கும் சனம் உக்காந்திருந்துச்சுன்னா வருசம் பூராவும் ஞாயித்துக்கிளமை ஒனக்கு. பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா, தை பொறந்ததும் திரையக் கிளிச்சுட்டு முழுக் குடோனாக்கிருவேன். பெறகு என்கிட்ட வந்து காட்சி கீட்சின்னு பேசக் கூடாது."

"எந்திரிச்சுப் போக மாட்டாங்க அண்ணாச்சி" என்றேன். இவ்வளவு உறுதியாக நான் சொன்ன எதுவும் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

அன்று ராத்திரியே நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். அண்ணாச்சி தந்தது ஒரு ஞாயிறு, நான் போட்டது நான்கு. முதல் ஞாயிறு ஒரு வெளிநாட்டுப் படம்: மலைக்கிராமம் ஒன்றில் பேருந்து வராத ஒரு நாள், நிறுத்தத்தில் காத்திருக்கிற ஆறு பேர். இரண்டாம் ஞாயிறு குழந்தைகளுக்கான குறும்படங்கள், ஓவியம் வரைதல், சுண்டல். மூன்றாம் ஞாயிறு பெண்களுக்கு மட்டும், தேநீருடன். நான்காம் ஞாயிறு ஓர் ஆவணப்படமும் விவாதமும். தொடக்க விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு குறும்பட இயக்குநரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தேன்.

தொடக்க விழா என்றால் குத்துவிளக்கு. குத்துவிளக்கு எல்லாரும் ஏற்றுவது. நான் எல்லாரும் அல்லவே. யோசித்தேன். இது பட்டாசு ஊர். வரப்போகிறவர்கள் பட்டாசுத் தொழிலாளர்கள். அவர்களுடைய உழைப்புக்கு மரியாதையாக, இருட்டிய அரங்கில், அவர்கள் கையால் செய்த கம்பி மத்தாப்பு ஒன்றைச் சிறப்பு விருந்தினர் கொளுத்தினால்? அந்த எண்ணம் தோன்றியதும் எனக்கே கண் கலங்கிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் கொட்டை எழுத்தில் போட்டேன்: 'சிறப்பு விருந்தினர் மத்தாப்பு ஏற்றித் திரையிடலைத் தொடங்கிவைப்பார்.'

இந்த வரியை ஒரே ஓர் ஆள் வாசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அண்ணாச்சியிடம் ஒப்புதலுக்குக் கொடுத்தேன். "நானே வாசிக்கணும்னா நீ எதுக்குப் படிச்ச" என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். நோட்டீஸ் அடிக்கத் தாளுக்குச் செலவில்லாமல், அச்சகத்தில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அடித்தேன். முன்பக்கத்தில் முருகன், மயிலுக்கு மட்டும் நீலம் கொஞ்சம் விலகியிருக்கும். ஊரெல்லாம் கொடுத்தோம். வாங்கிய ஒவ்வொருவரும் பக்தியோடு வீட்டில் கொண்டுபோய் ஒட்டினார்கள். முருகன் வெளியே தெரிய, என் நிகழ்ச்சி நிரல் சுவரைப் பார்த்தபடி.

(இன்றைக்கும் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் அந்த முருகன் இருக்கிறார். பின்னால் நான் இருக்கிறேன்.)

ஆகவே நோட்டீஸைப் பார்த்து யாரும் வரவில்லை. வந்தது அம்மாவால். கம்பெனி வேனில் அம்மா சொல்லியிருக்கிறார்: "எம்மக படம் போடுறா. வராதவ திங்கக்கிளமை எம்பக்கத்துல உக்காரக் கூடாது." அம்மாவின் பக்கத்து இருக்கை ஜன்னலோரம். ஏழெட்டுக் கம்பெனி வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள்தான் அதிகம், கொஞ்சம் ஆண்கள், மொத்தம் இருநூறு பேர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். எனக்குப் பெருமையில் தரையில் கால் நிற்கவில்லை.

அம்மா உள்ளே வந்ததும் திரையைப் பார்க்கவில்லை. சுற்றிலும் சுவரைப் பார்த்தார்.

"எத்தன வாசப்படிம்மா இதுக்கு?"

"நாலு. ரெண்டத் தொறக்க முடியாது, பண்டல் இருக்கு."

"அப்பப் பண்டல எடுக்கச் சொல்லு."

"அம்மா, படம் பாக்க வந்திருக்கீங்களா, வீடு வாங்க வந்திருக்கீங்களா?"

அம்மா என்னிடம் பேசி நேரத்தை வீணாக்காமல் அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் இன்னும் சிலரும் சேர்ந்து பண்டல்களை நகர்த்தி நான்கு கதவையும் திறந்துவிட்ட பிறகுதான் பெண்கள் உட்கார்ந்தார்கள். அப்போதும் நடுவில் போட்டிருந்த நாற்காலிகளில் ஒருவர்கூட உட்காரவில்லை. எல்லாரும் நான்கு கதவையும் ஒட்டி, நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நடு அரங்கு கோயில் பிரகாரம்போலக் காலியாக இருந்தது. கூச்சப்படுகிறார்கள், பாவம், இவர்களுக்குப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மைக்கைப் பிடித்து, திரைப்படத்தை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சிறு விளக்கம் கொடுத்தேன்.

அம்மாவோடு வேலை பார்க்கும் சண்முகத்தாய் அத்தை, வேனில் வருகிறவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவர் மட்டும் பதில் சொன்னார். "இங்கன நல்லாத்தான் தெரியுது. நீ ஆரம்பி தாயி."

கதவுகளைச் சாத்தச் சொன்னேன். விட்டால் தாமாகவே மூடிக்கொள்ளும் பழைய ஸ்பிரிங் கதவுகள். (தாழ் போடவில்லை. நல்லெண்ணத்தால் அல்ல, தாழ் துருப்பிடித்துப்போயிருந்தது.) ஆபரேட்டர் பாண்டி அண்ணன் விளக்குகளை அணைத்தார். நல்ல இருட்டு. மேடையில் நானும் சிறப்பு விருந்தினரும். அவர் வெள்ளைவெளேரென்று ஜிப்பா போட்டிருந்தார். ஒரு கையில் கம்பி மத்தாப்பு, இன்னொரு கையில் நான் டீக்கடையில் வாங்கிக்கொடுத்த தீப்பெட்டி. என் கையில் பதினொரு பக்கம் வரவேற்புரை. செல்போனையும் மைக்கையும் ஒரே கையில் பிடித்து, டார்ச்சைத் தாளின்மேல் அடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

மூன்று பக்கம் வரை உலக சினிமாவின் வரலாறு. யாரும் அசையவில்லை. நான்காம் பக்கத்தில்தான் மத்தாப்பு. "நெருப்பைக் காகிதத்தில் சுருட்டி உலகெங்கும் மகிழ்ச்சியாக அனுப்பிவைக்கும் கரங்களே, இன்று அந்த நெருப்பே உங்களுக்குத் தலைவணங்குகிறது" என்று சொல்லிவிட்டு, விருந்தினருக்குத் தலையசைத்தேன்.

தீக்குச்சி உரசியது. மத்தாப்பு கொஞ்சம் தயங்கி, பிறகு பற்றிக்கொண்டு வெள்ளையாகச் சிதறியது. அந்த வெளிச்சத்தில் எனக்குத் தாள் மட்டும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் அரங்கு கன்னங்கரேலென்று இருந்தது. வெடிமருந்து வாசனை மூக்கில் ஏறியது. நான் தலையை நிமிர்த்தாமல் ஐந்தாம் பக்கத்துக்குப் போனேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தகரக் கூரையில் திடீரென்று மழை இறங்குவதுபோல. கூச்சல் இல்லை, பேச்சு இல்லை, அந்தச் சத்தம் மட்டும். நாற்காலிகள் நகர்கின்றன என்று புரிந்தது. எழுந்து நிற்கிறார்கள். என் உரைக்கு எழுந்து நின்று மரியாதை செய்கிறார்கள். ஆரவாரம் அடங்கட்டும் என்று, பெரிய பேச்சாளர்கள் செய்வதுபோல, கொஞ்சம் நிறுத்தினேன். அடங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட ரொம்பவே அடங்கியது. அந்த அமைதியில் நெகிழ்ந்துபோய் ஐந்தாம் பக்கம் முழுவதையும் உணர்ச்சியோடு வாசித்தேன்.

மத்தாப்பு அணைந்தது.

"பாண்டி அண்ணே, லைட்டு" என்றேன். பதில் இல்லை. "அண்ணே." இல்லை. டார்ச்சை உயர்த்தி அரங்கைப் பார்த்தேன். இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். சில கவிழ்ந்து கிடந்தன. ஓர் ஆள் இல்லை. ஒரு பூச்சரம் மட்டும் தரையில் கிடந்தது.

சிறப்பு விருந்தினர் அணைந்த கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "மேடம், நான் இன்னும் பேசவே இல்லையே. எங்க போனாங்க?"

எனக்கும் தெரியவில்லை. அந்த நொடியில் எனக்குத் தோன்றிய ஒரே காரணம் என் தமிழ்தான். பதினொரு பக்கத்தில் ஐந்து பக்கத்துக்கே இருநூறு பேரையும் விரட்டிவிட்டேன், ஆறாம் பக்கத்துக்குப் போயிருந்தால் கட்டடமே எழுந்து போயிருக்கும் என்று நினைத்தேன். திரை கிழியும் சத்தம் காதில் கேட்டது.

அப்போது தெற்குக் கதவு படாரென்று திறந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது. அந்த வெயிலுக்குள்ளிருந்து அம்மா ஓடிவந்தார். சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தார். கையில் தியேட்டர் வராந்தாவில் தொங்கும் சிவப்பு மணல் வாளி. மேடையேறி, வாளி மணல் முழுவதையும் விருந்தினரின் கைமேல் கொட்டினார். கையில் கொள்ளாதது ஜிப்பாவுக்குள் போயிற்று. பிறகு வாளியைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். மைக் என்னோடு வந்தது. அதன் வயர் அறுந்த பிறகுதான் அதை விட்டேன்.

வெளியே, தியேட்டரைவிட்டு நல்ல தூரம் தள்ளி வேப்பமரத்தடியில், இருநூறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டமாக இல்லை, வேன் வாரியாக. பாண்டி அண்ணனும் அவர்களோடு நின்றார். சண்முகத்தாய் அத்தை தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாரணாபுரம் வண்டியில ஒண்ணு கொறையுது. யாரு? படம் போடுறவளோட அம்மாவா?" என்றவர், ஓடிவந்த எங்களைப் பார்த்ததும் அம்மாவிடம் பாய்ந்தார். "ஏட்டி, வெளிய வந்தவ திரும்ப உள்ள போகக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாது? இருபது வருசமா வேல பாக்கவ செய்யிற வேலையா இது?"

"தெரியும்க்கா."

"பெறகு எதுக்குப் போன?"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நம்ம எல்லாருக்கும் ஓடத் தெரியும். அவளுக்குத் தெரியாதுல்ல."

பிறந்ததிலிருந்து சிவகாசியில் இருக்கிறேன். மத்தாப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தீபாவளியன்று தெரிந்ததுதான். கம்பெனி கேட்டுக்குள் அம்மா என்னை ஒருநாளும் விட்டதில்லை. மருந்து வாசனை வந்தால் யோசிக்கக் கூடாது, கத்தி மூச்சை வீணாக்கக் கூடாது, கிட்டத்துக் கதவு வழியாக வெளியேறித் தூரத்து மரத்தடிக்கு ஓடித் தலை எண்ண வேண்டும் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் உடம்பிலேயே இருந்தது. நடு நாற்காலிகள் ஏன் காலியாக இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்ட முடியாத மனிதர்களை அடைத்த அறையில் உட்காரவைத்து, அவர்கள் எதிரில் மத்தாப்பு கொளுத்தியிருக்கிறேன். மரியாதையாக.

"ஏ புள்ள, நெசமாவே மத்தாப்பத்தான் கொளுத்துனியா? உள்ள வச்சா?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"ஒங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னு..."

"மரியாதைன்னா ஒரு துண்டு போட்டிருக்கலாமேத்தா. எம்புட்டு லேசா முடிஞ்சிருக்கும்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வாசலில் தோன்றினார். ஒவ்வோர் அடிக்கும் ஜிப்பாவிலிருந்து மணல் உதிர்ந்தது. ஒரு பையை வெளியே இழுத்துக் கவிழ்த்தார், குவியலாக விழுந்தது. அணைந்த கம்பியை மட்டும் எங்கே போடுவதென்று தெரியாமல் இன்னும் பிடித்திருந்தார்.

"இந்தத் தம்பி யாரு?" என்றார் சண்முகத்தாய் அத்தை.

"சிறப்பு விருந்தினர். சென்னையில இருந்து வந்திருக்காங்க."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாவம். காலைல சாப்பிட்டீகளா தம்பி?"

அவ்வளவுதான். இருநூறு பேரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா வேன் சக்கரத்தின்மேல் சாய்ந்து கண்ணைத் துடைத்தார். விருந்தினரும் சிரித்தார், பல்லில் மணலோடு. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் சாலையில் அண்ணாச்சியின் ஸ்கூட்டர் வருவது எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, மரத்தடியைப் பார்த்தார், தியேட்டர் கதவைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார்.

"படம் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கல அண்ணாச்சி."

"பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னுதான சொன்னேன். இது பாதிகூட இல்லியே தாயி." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு விளக்கம் எதுவும் வரவில்லை. முன்னால் வந்தது சண்முகத்தாய் அத்தை.

"அண்ணாச்சி, யாரும் எந்திரிச்சுப் போகல."

"அப்ப இது என்ன?"

"வெளிய வந்திருக்கோம். போறது வேற, வெளிய வாரது வேற. ஒங்க கம்பெனியில பேப்பருதான, ஒங்களுக்கு அது தெரியாது. உள்ள பாத்துட்டுத் திரும்ப வந்து உக்காருவோம். நீங்க அதுக்குள்ள அந்தப் பென்சில காதுல வைங்க."

பிறகு நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நான்கு பெண்கள் உள்ளே போய் மேடையைக் கூட்டினார்கள். கம்பி தண்ணீர் வாளிக்குள் போயிற்று. விருந்தினரிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி, டீக்கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மணல் வாளி. நான்கு கதவையும் விரியத் திறந்து, மூடிக்கொள்ளாமல் காலண்டர் பண்டலை முட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அத்தை வெளியே வந்து, "ம்" என்றார். இருநூறு பேரும் போய் உட்கார்ந்தார்கள்.

படம் ஓடியது. ஆனால் நான்கு கதவு வழியாகவும் சிவகாசி வெயில் வந்தது. திரையில் ஆட்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். கீழே ஓடிய தமிழ் எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அந்தப் பாதியில் என் அம்மாவும் ஒருவர் என்பதை நிகழ்ச்சி நிரல் எழுதியபோது நான் யோசித்திருக்கவில்லை.

ஐந்து நிமிஷம் போனது. "என்னத்தச் சொல்லுதான் அந்தத் தொப்பிக்காரன்?" என்று ஒரு குரல். அண்ணாச்சி பின்சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் லேப்டாப் திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாண்டி அண்ணன் முறுக்கிச் சேர்த்துக்கொடுத்த மைக்கை எடுத்தேன். வாசித்தேன்: "ஐயா, பேருந்து எப்போது வரும் என்று தாங்கள் அறிவீர்களா?"

"ஏத்தா, மறுபடியும் ஓட வச்சிராத" என்றார் ஒரு பெரியவர். "நம்ம பேசுற மாதிரி சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கதவோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எம்.ஏ. பட்டத்தை ஒரு பக்கமாக மடித்து வைத்தேன்.

"அண்ணாச்சி, வண்டி எப்ப வரும்னு தெரியுமா?" என்றேன். பிறகு தொப்பிக்காரனுக்காகக் குரலைக் கட்டையாக்கி, "தெரிஞ்சா நான் ஏன்யா இங்கன நிக்கேன்" என்றேன்.

அரங்கு சிரித்தது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் ஆறு பேராகவும் பேசினேன். ஒரு கிழவியாக, ஒரு போலீஸ்காரராக, பிள்ளைத்தாய்ச்சியாக, ஒரு காட்சியில் ஆடாகவும். இவர்களுக்கு வண்டிக்காகக் காத்திருப்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைத்தாய்ச்சி நின்றுகொண்டே இருந்தபோது, "அந்தக் கல்லுல அவள உக்கார வைங்கலே" என்று திரையைப் பார்த்து அதட்டினார்கள். அடுத்த காட்சியில் தொப்பிக்காரன் எழுந்து இடம் கொடுத்தான். தாங்கள் சொன்னதால்தான் என்று எல்லாருக்கும் திருப்தி.

கடைசி வரை பேருந்து வராது. திரை கறுத்தது.

"பெறகு?" என்றார் சண்முகத்தாய் அத்தை.

"அவ்வளவுதான் அத்தை. படம் முடிஞ்சுது."

"வண்டி வராமலேயா? அதெப்படி முடியும்?"

நிகழ்ச்சி நிரலில் கலந்துரையாடலுக்கு முப்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். வந்தே தீரும் என்று ஒரு கட்சி, அந்த ஊருக்கு என்றைக்குமே வண்டி விட்டதில்லை என்று இன்னொரு கட்சி. டீ வந்தது, தீர்ந்தது, இன்னொரு தடவை வந்தது. விருந்தினர் இரண்டு கட்சிக்கும் நடுவில் உட்கார்ந்து, பேச வேண்டியதை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். வேன் டிரைவர்கள் ஹாரன் அடித்த பிறகும் ஒருவரும் நகரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"படம் முடிஞ்சும் போக மாட்டேங்காகளே தாயி. ஹால எப்பப் பூட்ட?"

அப்படித்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. மூன்று வருஷமாக நடத்துகிறேன். திரை கிழியவில்லை. நோட்டீஸை இப்போது வெறும் தாளில்தான் அடிக்கிறேன். அதில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அத்தையின் கண்டிப்பான உத்தரவுப்படி மூன்று வரி இருக்கும்: 'கதவுகள் திறந்திருக்கும். வசனம் வாசிக்கப்படும். மத்தாப்பு கிடையாது.' வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூன்றாவது வரியை ஏதோ கவிதை என்று நினைத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். நான் விளக்குவதில்லை.

போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு விருதுநகரில் வேலை. அவருடைய அப்பா ஆமத்தூரில் விவசாயம், ஓய்ந்த நேரத்தில் வேன் ஓட்டுவது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு நல்லாப் படிச்சிருக்கு. கூட்டத்துலயும் நல்லாப் பேசுமோ?" என்று கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "பேசும். அஞ்சு பக்கம் பேசுனா, இருநூறு பேரு எந்திரிச்சு ஓடுனாக."

எனக்கு உயிர் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா அதுவரை மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"தெரியும் மைனி" என்றார். "வண்டியில ஆளக் கொண்டாந்துட்டு நானும் உள்ள வந்து உக்காந்தேன். ஓடுன ஓட்டத்துல எஞ்செருப்பு மாறிப்போச்சு. அன்னையில இருந்து ரெண்டும் எடக்காலு செருப்பாத்தான் போட்டுத் திரியுதேன்."

வாசலில் எட்டிப் பார்த்தோம். உண்மைதான்.

சீர்வரிசை என்று அந்த வீட்டில் கேட்டது அது ஒன்றுதான். கல்யாணத்தன்று பித்தளைத் தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை பாக்கோடு ஒரு சோடி புதுச் செருப்பு. ஒன்பதாம் நம்பர். சபையில் எல்லாரும் பார்க்க, சண்முகத்தாய் அத்தைதான் சுமந்துகொண்டு வந்தார்.